ஐந்து நாளில் பதில் வராவிட்டால்

1

நெதர்லாந்துக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை, செய்தித்தாளுக்குச் சந்தா சேர்க்கும் பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். டச்சு மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கவே எனக்கு வராத காலம் அது. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மனசு வரவில்லை. சிரித்துக்கொண்டே, "பார்க்கலாம்" என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். மரக்காணம் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தாயே, வேறு வீடு பாரு என்று அர்த்தம்.

அந்த அம்மாள் ஒரு தாளை நீட்டி விலாசம் கேட்டார். அதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை முதல் செய்தித்தாள் வந்து விழ ஆரம்பித்தது. படிக்கத்தான் முடியாது, காய்கறி நறுக்கும்போது கீழே விரிக்கலாம் அல்லவா, விரித்தோம். வருடக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. நிறுத்தச் சொல்லி எழுதாவிட்டால் சந்தா தானாகவே தொடரும் என்று அதில் இருந்ததாம். நான் வழக்கம்போல் ஒன்றும் எழுதவில்லை. இரண்டாம் வருடமும் வந்தது. என் மனைவி வசந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க வாயத் தொறந்தாலும் தப்பு, மூடுனாலும் தப்பு" என்றாள்.

வருகிற மாதத்தோடு நான் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. ஊரில் இருப்பவர்கள் எப்போதும் குளிரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். குளிரெல்லாம் இரண்டே வருடத்தில் பழகிவிட்டது ஐயா. எனக்கு இன்னும் முழுசாகப் பழகாதது வேறு. இங்கே ஒன்று வேண்டாம் என்றால் அதை வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த 2005ஆம் வருடம் அந்த விஷயத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால் புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்கு வேலை போக இருந்தது. அதை ஒளிக்காமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உத்ரெக்ட் நகரத்தில், நோயாளிகளின் வீட்டுக்கே மருந்துகளை அனுப்பிவைக்கும் ஒரு கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் நிறைய குழுக்கள். ஒவ்வொரு குழுவும் சின்னச் சின்ன மென்பொருள்களை எழுதி வைத்திருக்கும். விலாசம் சரிதானா என்று பார்க்க ஒன்று, மருந்து இருப்பில் உள்ளதா என்று சொல்ல ஒன்று. இவற்றை சர்வீஸ் என்போம். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரே வேலைக்கு நான்கு பேர் நான்கு சர்வீஸ் எழுதி, நான்கும் நான்கு விதமாகப் பதில் சொல்லும்.

இதற்காக ஒரு பதிவேடு கொண்டுவந்தார்கள். ரிஜிஸ்ட்ரி என்று பெயர். எந்த சர்வீஸாக இருந்தாலும் அதில் ஏற வேண்டும், ஏறியதை மட்டுமே மற்றவர்கள் எடுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையாக, கண்டவர்கள் கண்டதையும் ஏற்றிவிட்டார்கள். பாதி வேலை செய்யாது. எனவே போன வருடக் கடைசியில் எங்கள் மேலாளர் வில்லெம் என்னைக் கூப்பிட்டார். ஆறரை அடி உயரம், மனசில் இருப்பது அப்படியே வாயில் வரும் மனிதர். "ஒரு ஒப்புதல் முறை வேண்டும். எது ஏறலாம், யார் சரி சொல்ல வேண்டும், எல்லாம் நீயே வகுத்துக் கொடு" என்றார்.

நான் வகுத்தேன். சர்வீஸ் எழுதியவர் மனு போட வேண்டும். இரண்டு பேர் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் உத்ரெக்டில். இன்னொருவர் புதுச்சேரியில், எங்களுக்குச் சோதனை வேலை செய்து தரும் ஒரு சிறிய கம்பெனியில். அங்கே அந்தப் பொறுப்பு புவனா என்ற பெண்ணுக்கு வந்தது. எங்கள் மரக்காணத்துக்குப் பக்கத்துப் பெருமுக்கல்காரி, வயது இருபத்து நான்கு. திரையில் அவளுக்கு இரண்டு பட்டன்கள். ஒன்று சரி, இன்னொன்று வேண்டாம்.

முதல் மாதமே முறை முட்டிக்கொண்டு நின்றது. இங்கே விடுமுறை என்றால் வண்டிக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு மூன்று வாரம் பிரான்ஸ் பக்கம் போய்விடுவார்கள். மனுக்கள் அப்படியே குவிந்தன. வில்லெம் முகம் சுளித்தார். நான் உடனே ஒரு விதி எழுதினேன். ஐந்து வேலை நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும், சர்வீஸ் தானாகப் பதிவேட்டில் ஏறிவிடும். எல்லோரும் மெச்சினார்கள். வில்லெம் என் தோளில் தட்டி, ஜூலையில் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசலாம் என்றார். அதுவரை நான் வருட ஒப்பந்தத்தில் இருந்தவன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3

மே மாதம் என் மகள் கயலைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். வசந்திக்கு லீவு கிடைக்கவில்லை. மரக்காணத்தில் என் அக்கா அம்சவேணி வீடு. மாமா கோதண்டம் உப்பளம் குத்தகை எடுத்துச் செய்பவர். டிசம்பரில் கடல் உள்ளே வந்ததில் பாத்தியெல்லாம் சேறாகிப் போய், அதை வழித்து, மறுபடி மிதித்துக் கெட்டியாக்கி, அந்த வருடம் உப்பு எடுக்கவே தாமதமாகிவிட்டது. வெயிலைப் பார்த்து மாமா சந்தோஷப்பட்டார். வேறு யாரும் சந்தோஷப்படவில்லை.

கயலுக்கு ஒன்பது வயது. தமிழ் பேசுவாள், ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் பேசுவதைப் பேசமாட்டாள். இரண்டாம் நாள் அக்கா ஆசையாகக் கருவாட்டுக் குழம்பை ஊற்றப்போனபோது தட்டின் மேல் கையை வைத்து மூடினாள்.

"வேணாம் அத்தை. எனக்கு இது பிடிக்கல."

அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏன்டி, வாயில வெக்கறதுக்குள்ளயே புடிக்கலயா?"

"நேத்து வெச்சேன். பிடிக்கல."

எனக்கு மானம் போயிற்று. "அவ பசிக்கலன்னு சொல்றாக்கா" என்று நடுவில் புகுந்தேன். கயல் என்னை முறைத்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நீ ஏன் பொய் சொல்ற?" என்று டச்சில் கேட்டாள். நான் அவசரமாக என் தட்டை நீட்டிக் குழம்பை வாங்கிக்கொண்டேன். அக்கா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பளம் பொரித்துக் கொண்டுவந்து போட்டாள்.

அன்று மாலை அக்கா மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பெண் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு மாதமாகியும் இவர்கள் பதில் சொல்லவில்லை.

"பாவம், காத்துக்கினு இருப்பாங்களேக்கா" என்றேன்.

"இன்னாடா பேசற? ஒரு மாசமா ஒண்ணும் சொல்லலன்னா இன்னா அர்த்தம்? புடிக்கலன்னு அர்த்தம். அவங்க இன்னா கைக்கொழந்தையா, எடுத்துச் சொல்றதுக்கு? மூஞ்சிக்கி நேரா வேணாம்னுட்டா, நாளைக்கி பஸ்ல பாத்தா எப்டிப் பேசறது?"

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லிவைத்தவர் எங்கள் ஊர்ப் பக்கமே வந்திருக்கமாட்டார். அக்கா சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். கடவுளே, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கரண்டு வந்து, கம்ப்யூட்டர் எழுந்து, மெயில் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. வில்லெம் எழுதியிருந்தார். நான் கிளம்பிய பிறகு, விலாசம் பார்க்கும் சர்வீஸின் புதிய வடிவம் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அதில் ஒரு கோளாறு. உத்ரெக்டில் பல பழைய வீடுகளுக்கு மாடியில் தனிக் குடித்தனம் உண்டு. கீழ்வீடு பதினான்கு என்றால் மேல்வீட்டுக்குப் பதினான்கு பிஸ் என்று எண். புதிய சர்வீஸ் அந்த ‘பிஸ்’ஸை வெட்டித் தூக்கிவிட்டது. மாடிக்காரர்களின் மருந்தெல்லாம் கீழ்வீட்டு வாசலில் கிடந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவர் ஒரு நாள் முழுக்க மருந்தில்லாமல் தவித்து, கடைசியில் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிச் சமாளித்திருக்கிறார்.

கடைசி வரிகள் இவைதான். "பதிவேட்டைப் பார்த்தேன். உத்ரெக்ட் சரி சொன்னது. புதுச்சேரியும் ஒப்புக்கொண்டிருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பொறுப்பு தேவையா? வெள்ளிக்கிழமை போனில் பேசி முடிவெடுப்போம்." அதற்குக் கீழே புதுச்சேரி கம்பெனி முதலாளியின் பதில். மிகவும் வருந்துகிறோம், அந்தப் பெண்ணை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறோம் என்று.

புவனாவின் பெயருக்கு நேரே பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். அவள் சரி என்ற பட்டனை அழுத்தவே இல்லை. ஐந்து நாள் ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்திருக்கிறாள். ஆறாம் நாள் என் விதி அவளுக்காகச் சரி என்று சொல்லிவிட்டது.

4

அவளுக்கு போன் போட்டு, பார்க்க வேண்டும் என்றேன். வியாழக்கிழமை வேலை முடிந்து பெருமுக்கல் போகும் வழியில் மரக்காணத்தில் இறங்கி வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தப்பு எம்மேலதான் சார்" என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா. அந்த பிஸ் காணாமப் போறத நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். மொத நாளே பாத்துட்டேன். நூறு விலாசம் போட்டேன், எதுல பிஸ் இருக்குதோ அதுல மட்டும் ஒடையுது."

"அப்புறம் ஏன் வேணாம்னு போடல?"

அவள் தரையைப் பார்த்தாள். "எப்டி சார் போடறது? எழுதனவரு அங்க பெரிய ஆளு. இருவது வருசமா இருக்காருன்னு சொன்னாங்க. நான் சேந்து ஒன்றர வருசம். அந்த பிஸ்ஸுன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது. அதான் எதையும் அழுத்தாம வெச்சிருந்தேன். ரெண்டு நாள் பாத்துட்டு, இன்னாம்மா அப்டியே வெச்சிருக்கன்னு நீங்களே கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க நம்ம ஊர்க்காரருன்னு சொன்னாங்க சார்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் தெளிவாகத்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில் சொல்கிற விதத்தில் சொல்லியிருக்கிறாள். அதைச் சம்மதம் என்று மாற்றி எழுதும் விதியை, வெள்ளைக்காரன் யாரும் எழுதவில்லை. மரக்காணத்தில் பிறந்து வளர்ந்த நான் எழுதினேன். கயல் மாறிவிட்டாள், கயல் மாறிவிட்டாள் என்று பத்து பேரிடம் புலம்பியிருக்கிறேன். முதலில் மாறியவன் நான்தான்.

அப்போது கயல் ஒரு காகிதப் பையோடு வந்தாள். அதில் டச்சுக்காரர்கள் உயிரை விடும் கறுப்பு மிட்டாய். மிட்டாய் என்று பெயர்தானே தவிர, அதில் இருப்பது அதிமதுரமும் உப்பும். வந்த அன்றே ஒன்றைக் கடித்துவிட்டு மாமா வாசலில் போய்த் துப்பியிருந்தார். "ஏன்டா, உப்பளத்துக்கே உப்பு முட்டாய் வாங்கியாந்தியா?" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தாள்.

கயல் ஒன்றை நீட்டினாள். புவனா வாங்கி வாயில் போட்டாள். கண் கலங்கியது, தாடை நின்றுவிட்டது. ஆனாலும் மென்று விழுங்கி, "நல்லாருக்குது பாப்பா" என்றாள்.

"உண்மையாவா?" கயலுக்கு வாயெல்லாம் பல். முதல் முறையாக ஊரில் ஒரு ஆளுக்கு இது பிடித்திருக்கிறது. இன்னொன்றைக் கொடுத்தாள். புவனா அதையும் சாப்பிட்டாள். மூன்றாவதையும் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காவது மிட்டாய் வரும்போது அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிட்டது.

கயல் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "உனக்குப் பிடிக்கல. முகம் வேற மாதிரி இருக்கு. பிடிக்கலன்னா சொல்லு, நான் ஒண்ணும் அழமாட்டேன்."

புவனா என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் நடுவில் புகவில்லை. அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"வேணாம் பாப்பா" என்றாள் புவனா, குரலே வெளியே வராமல். "கசக்குது. மருந்து மாதிரி இருக்குது."

"சரி" என்று கயல் அந்த நான்காவது மிட்டாயைத் தன் வாயில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வானம் இடிந்து விழவில்லை. புவனாவுக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது போலும், சிரித்துவிட்டாள். அக்கா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

5

வெள்ளிக்கிழமை உத்ரெக்டில் காலை ஒன்பதரை, மரக்காணத்தில் பகல் ஒரு மணி. வீட்டுக்குள் செல்போனில் கோடு நிற்காது. உப்பளத்து வரப்பில்தான் சிக்னல் வரும் என்று மாமா கூட்டிப் போனார். மே மாதத்துப் பகல் ஒரு மணிக்கு உப்பளத்தில் நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். மேலேயும் வெயில், கீழேயும் வெயில், கண்ணைத் திறக்க முடியாது. உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த ஓலைக் கொட்டகைக்குள் ஒதுங்கினேன்.

விதி என்னுடையது என்று சொன்னால் ஜூலையில் நிரந்தரம் என்ற பேச்சு அவ்வளவுதான். சொல்லாவிட்டால் புவனா போய்விடுவாள், யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. வீட்டுக் கடன், கயலின் பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாகத் தலைக்குள் வந்து நின்றன. பொய் சொல்லத் தேவையே இல்லை, சும்மா இருந்தால் போதும். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மாமா மேல் பாத்தியின் மடையருகே மண்வெட்டியோடு நின்றார். தூரத்தில் கீழ்ப் பாத்தியில் ஒரு அம்மாள் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். மாமா தண்ணீரைத் திறந்துவிடாமலே நின்றுகொண்டிருந்தார். "இன்னா மாமா, தூங்கறீங்களா?" என்றேன்.

"கை தூக்கணும்ப்பா அவங்க. காத்துல கூப்ட்டா கேக்காது. துண்டத் தூக்கிக் காட்டுனாத்தான் தொறப்பேன்."

"தூக்கலன்னா?"

"தொறக்கக் கூடாது. அவங்க இன்னும் மிதிச்சிக் கெட்டிப் பண்ணிக்கினு இருக்காங்கன்னு அர்த்தம். இப்பத் தண்ணிய உட்டா மூணு நாளு மிதிச்சது பாழு. இதுகூடத் தெரியாதா ஒனக்கு? இங்கதான பொறந்த?"

எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் நானே அந்த மடையில் நின்றிருக்கிறேன். எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்தில் வரப்பு மண்ணை உதைத்தேன். அந்த நேரத்தில் போன் அடித்தது.

வில்லெம் சுற்றி வளைக்கவில்லை. "புதுச்சேரியை எடுத்துவிடலாமா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன். இத்தனை காலத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் வேண்டாம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு கொட்டித் தீர்த்தேன். புதுச்சேரி ஒப்புக்கொள்ளவில்லை, என் விதிதான் ஒப்புக்கொண்டது. அந்தப் பெண் முதல் நாளே பிழையைப் பிடித்துவிட்டாள். எங்கள் ஊரில் பதில் சொல்லாமல் இருந்தால் வேண்டாம் என்று பொருள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் எழுதினேன். தவறு என்னுடையது.

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதா என்று போனைப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. அது எந்த நாட்டு மௌனம் என்று எனக்கு விளங்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"விதியை நீ எழுதினாய். நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் கடைசியில். "ஆக இரண்டு முட்டாள்கள். பிழையைப் பார்த்தது அவள் ஒருத்திதான் என்றால் அவளை ஏன் எடுக்க வேண்டும்? ஆனால் ஏழுமலை, பார்த்தவள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. அவளால் சொல்ல முடியுமா?"

"முடியும்" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், அவள் வேண்டாம் என்ற அந்த நான்காவது உப்பு மிட்டாய்தான் ஆதாரம்.

"செப்டம்பர் கடைசி வரை பார்ப்போம். அதுவரை அவள் இருக்கட்டும். சொல்லத் தெரியாது என்றால் வேறு ஆள். உன் வேலையைப் பற்றியும் அப்போது பேசுவோம். புதிய விதி என்ன?"

உப்பளம், மடை, துண்டு என்று பெரிய விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே, "ஆக, பதில் வரும்வரை மூடியே இருக்கும். சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். இவர்களிடம் ஒரு கதை சொல்ல விடமாட்டார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது மாமா மடையை வெட்டிவிட்டிருந்தார். தண்ணீர் கீழ்ப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. "வெள்ளக்காரன் திட்டுனானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வா, சாப்பாட்டுக்குப் போலாம்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

6

திரும்பி வந்து முறையை மாற்றி எழுதினேன். யாரும் பேசாவிட்டால் எதுவும் ஏறாது. ஐந்து நாள் பதில் இல்லையென்றால், மனு போட்டவர் போனை எடுத்துச் சோதிப்பவரிடம் நேரே பேச வேண்டும். பிரான்ஸ் போகிறவர்கள் தங்களுக்கு மாற்று ஆளைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மூன்றாவதாக ஒரு பட்டனும் வைத்தேன், கேள்வி இருக்கிறது என்று. வேண்டாம் என்பதை நேரே அழுத்தத் தயங்குகிறவர்களுக்காக.

அது தப்பாகப் போயிற்று. புவனா அந்த மூன்றாவது பட்டனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் கேள்வியாகவே வந்தது. நல்ல கேள்விகள், பாதிக்கு மேல் உண்மையான பிழையைச் சுட்டுபவை. ஆனால் ஒவ்வொன்றின் முன்னும் ‘தவறாக நினைக்க வேண்டாம்’ என்று ஒரு வணக்கம், பின்னால் ‘என் புரிதல் தவறாக இருக்கலாம்’ என்று ஒரு கும்பிடு. "கெட்டிக்காரி. ஆனால் இவள் எப்போதுதான் வேண்டாம் என்பாள்?" என்று வில்லெம் கேட்டார். நாள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு போன் போட்டு, எதையாவது ஒன்றை நிராகரித்துத் தொலையேன்மா என்று கெஞ்சலாமா என்றுகூட யோசித்தேன். கேட்டுப் பெற்றால் அது அவளுடைய பதில் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் நானே ஒரு சர்வீஸ் எழுதினேன். நோயாளிகளின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. சின்ன வேலை, ஒரே வாரத்தில் முடித்து மனு போட்டேன். உத்ரெக்டில் அன்றே சரி என்றார்கள். இரண்டாம் நாள் காலை என் திரையில் சிவப்பாக ஒரு வரி. வேண்டாம்.

அதற்குக் கீழே புவனா எழுதியிருந்தாள். "குடும்பப் பெயர் குறைந்தது இரண்டு எழுத்து இருக்க வேண்டும் என்கிறது. என் பெயரைப் போட்டேன். என் இனிஷியல் ஓர் எழுத்து. ஏறவில்லை. அந்த ஊரில் இருக்கும் நம் ஆட்களுக்கு மருந்து போகாது."

என் காது சூடாகிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம், குடும்பப் பெயர் இல்லாத மனிதனை எப்படிப் பதிவது என்று நகராட்சி அலுவலகத்தில் என்னை நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டுத் தப்பித்தேன். அவ்வளவு அலைந்தவன் எழுதிய சர்வீஸ் இது! திருத்தி, அன்று பிற்பகலே மறுபடி அனுப்பினேன். மறுநாள் காலை பார்த்தால் மறுபடி சிவப்பு. இந்த முறை ஒரே வரி. "குடும்பப் பெயரே இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஏறவில்லை."

வணக்கம் இல்லை, கும்பிடு இல்லை. போன் போட்டேன்.

"என்னம்மா, ரெண்டாவது வாட்டியும் வேணாமா?"

"ஆமா சார், வேணாம். இன்னும் சரியாகல" என்றாள். பிறகு ஒரு நொடி நிறுத்தி, "இன்னொரு வாட்டி அனுப்புங்க சார், நான் பாக்கறேன்" என்றாள். சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த இரண்டு சிவப்பு வரிகளையும் அச்செடுத்து வில்லெமின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். நின்றபடியே படித்தார், இரண்டு தடவை படித்தார். "இது உன்னுடைய சர்வீஸ் அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன். "இந்தப் பெண் இருக்கட்டும். இனிமேல் இவள் சரி சொல்லாமல் ஒன்றும் ஏறக் கூடாது. புதுச்சேரிக்கு நானே எழுதுகிறேன்" என்றார். என் வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தக் கடிதம் வந்தது, நிரந்தரம் என்று. சிவப்பு வரிகளோடு அவர் மேசை முன் நின்ற அன்றைக்கு அது என் ஞாபகத்திலேயே இல்லை.

இந்த ஊரில் ஒரு வழக்கம். பிறந்த நாள் வந்தாலும் பிள்ளை பிறந்தாலும், சந்தோஷப்படுகிறவன்தான் கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய கேக்காக வாங்கி வந்து ஆபீசின் நடுமேசையில் வைத்து வெட்டினேன். எல்லோரும் தட்டோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். என்ன விசேஷம், பிறந்த நாளா என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றேன். "என் சர்வீஸை ஊர்க்காரப் பெண் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதுவும் இரண்டு தடவை!"